மணப்பாட்டின் பழைய தெருக்கள்

(திசையன்விளையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் மணப்பாட்டுக்குப் போகாதவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். செப்டம்பர் 14-ஆம் தேதி திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் போகிற திருவிழா அது. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போகிறோம். குன்றின்மேல் ஏறுகிறோம், கோயிலில் கும்பிடுகிறோம், குகைக் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறோம், கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறோம், திரும்பி வந்துவிடுகிறோம். பஸ் நிற்கிற இடத்துக்கும் குன்றுக்கும் நடுவில் ஒரு பழைய ஊர் இருக்கிறது. அதன் தெருக்களுக்குள்ளும் முடுக்குகளுக்குள்ளும் நடந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? இன்று நான் பேச வந்தது அந்தத் தெருக்களைப் பற்றி.

மணப்பாட்டைப் பற்றித் திசையன்விளையில் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர் தேரியும் விளையும் சந்தையுமாக வளர்ந்த ஊர். ஆனால் நம் பனங்காட்டுச் சரக்கு வெளியுலகத்துக்குப் போன வாசல் கிழக்கே அந்தக் கடற்கரைதான். துறையில் நின்ற தோணிக்கும் தேரியில் நின்ற பனைமரத்துக்கும் தொடர்பு உண்டு. அந்தப் பழைய ஊரின் கதையில் பாதி அங்கே கிடக்கிறது, மீதிப் பாதி நம் வீடுகளில் கிடக்கிறது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்த ஊரில் இதைப் பேசுகிறேன்.

முதலில், ஊர் ஏன் அந்த இடத்தில் உண்டானது? கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி வரை கரை பெரும்பாலும் தாழ்ந்த மணல்கரை. கடலில் தூரத்தில் நின்று பார்த்தால் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று எளிதில் பிடிபடாது. மணப்பாட்டில் கரை கடலுக்குள் நீண்டு, குன்றாக எழுந்து நிற்கிறது. கடல்மணலும் சிப்பித்தூளும் நீண்ட காலத்தில் இறுகிக் கல்லானது அந்தக் குன்று. தோணிக்காரனுக்கு அது அடையாளம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மறைவும் அதுவே. சாத்தான்குளம் பக்கமிருந்து வருகிற கருமேனியாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. ஆற்றுவாயில் மணல் தள்ளித் தள்ளி நீண்ட மணல்திட்டு உண்டாகிறது, அதற்கு உள்ளே அலை இல்லாத நீர்ப்பரப்பு கிடைக்கிறது. அடையாளம், மறைவு, அமைதியான தண்ணீர், மூன்றும் ஒரே இடத்தில். இதற்கு மேல் ஒரு துறைக்கு என்ன வேண்டும்? அங்கே இன்று கலங்கரை விளக்கம் இருப்பதற்கும் இதுதான் காரணம். அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்தக் கடலைத் தேடி வருவதும் இதே அமைப்பினால்தான்.

துறை இருந்தால் கலவரமும் இருக்கும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பில் யாருக்கு உரிமை என்பதில் இந்தக் கரையில் பெரிய பூசல் நடந்தது. பரதவர்களின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுக்கீசியரின் பெயர்களே பெர்னாண்டோ, மிராண்டா, கோமஸ் என்று இன்றுவரை குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். குன்றின் கடலோரக் குகையில் அவர் தங்கியிருந்தார். அவருக்கு முன்பு சைவத் துறவி ஒருவர் அங்கே இருந்ததாகவும் ஊரில் சொல்கிறார்கள். சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, அந்தக் குகைக்குள் நல்ல தண்ணீர் ஊறுகிறது.

சவேரியாரைப் பற்றி எல்லோரும் சொல்கிற அற்புதங்களை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர் எழுதிய கடிதங்களில் வருகிற ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1544-ஆம் ஆண்டு வடுகர் படை தெற்கே குமரிக்கரையில் புகுந்து ஊர்களைச் சூறையாடியது. உயிருக்குப் பயந்த பரதவர்கள் குமரிமுனைக்கு அருகே கடலில் இருக்கிற பாறைகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. செய்தி மணப்பாட்டுக்கு வந்ததும் சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அது ஜூன் மாதம். ஜூனில் மணப்பாட்டிலிருந்து குமரிக்குத் தோணி விட்டால் காற்று எங்கிருந்து முகத்தில் அடிக்கும் என்று உவரிக்காரரையோ பெரியதாழைக்காரரையோ கேளுங்கள். அவரால் போய்ச்சேர முடியவில்லை. நாள்கணக்கில் கடலில் போராடிவிட்டு மணப்பாட்டுக்கே திரும்பி வந்தார். திரும்பி வந்து ஜூன் 30-ஆம் தேதி தன் உதவியாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். பிறகு கரை வழியாக நடந்தே போனார். எனக்கு மணப்பாட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி இல்லை. குன்றின் மேல் நின்று தெற்கே பார்க்கிறபோது, இருபது தோணிகளும் பாய் சுருட்டித் திரும்பி வந்ததை நினைத்துப் பாருங்கள். உணவோடு போனவர்கள் உணவோடு திரும்பியிருக்கிறார்கள். கரையில் நின்ற பெண்கள் அவர்களை என்ன கேட்டிருப்பார்கள்?

குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயில் 1581-இல் கட்டப்பட்டது. புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர், உயிர் பிழைத்தால் ஒடிந்த பாய்மரத்திலிருந்து சிலுவை செய்து கரையேறும் இடத்தில் நாட்டுவதாக நேர்ந்துகொண்டார், அப்படி 1540-இல் நாட்டிய சிலுவை அது என்பது கோயில் வரலாறு. ஊருக்குள் பரிசுத்த ஆவி ஆலயம், கடற்கரையோரம் யாகப்பர் ஆலயம் என்று மேலும் இரண்டு பழைய கோயில்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் வேறு சபையைச் சேர்ந்தவர்கள்; கத்தோலிக்கக் கோயில்களைப் பண்டகசாலையாக்கினார்கள். இந்தக் கரையின் மக்கள் அதற்காகத் தங்கள் வேதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இதெல்லாம் நூல்களில் இருக்கிறது. நான் சீக்கிரமாகக் கடந்து தெருவுக்கு வருகிறேன்.

பரிசுத்த ஆவி ஆலயத்தின் முன்னால் நின்று எந்தத் தெருவில் வேண்டுமானாலும் திரும்புங்கள். மச்சு வைத்த பழைய வீடுகள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் குடியிருக்கிறார்கள், சில பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீடு ஒன்றின் முன்னால் நின்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். உயரமான திண்ணை. திண்ணையில் பருத்த தூண்கள். வாசலுக்கு மேலே சுண்ணாம்புச் சுதையில் ஒரு சிலுவை, இரண்டு பக்கமும் பூங்கொடி. மாடியில் மரக் கைப்பிடி போட்ட வராந்தா, அதில் கடற்காற்று உள்ளே போகவும் வெயில் போகாமல் இருக்கவும் சாய்த்த மரச்சட்டம் வைத்த ஜன்னல்கள். சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். நூறு வருடத்து உப்புக்காற்று அந்தச் சுவரை அரித்தும் அது நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்று ஒரு கொத்தனாரிடம் கேட்டால் காரணம் சொல்வார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். ஈரத்தோடு உப்பும் வெளியே வந்து பூச்சின் மேல் பூத்து உதிரும். பூச்சு போகும், சுவர் நிற்கும். பூச்சைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். இப்போது நாம் என்ன செய்கிறோம்? பழைய சுவரில் பூச்சு உதிர்ந்தால் அதன்மேல் சிமெண்டு பூசுகிறோம். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. உப்பு உள்ளேயே தங்கிச் சுவரையே பொடியாக்குகிறது. கெட்டியாக இருக்கட்டும் என்று செலவு செய்து பூசிய வீடு, ஒன்றும் செய்யாமல் விட்ட வீட்டைவிட முன்னதாக விழுகிறது. கான்கிரீட் போட்டாலோ, உள்ளே இருக்கிற கம்பி உப்பில் துருப்பிடித்து வீங்கி, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடலோர ஊர்களில் வீட்டுக் கூரையடியில் கம்பி தெரிய நிற்கிற புது வீடுகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய தண்ணீரையும் கருப்பட்டிக் கரைசலையும் சேர்த்து நாள்கணக்கில் அரைத்தார்கள். தமிழ்நாடு முழுவதும் இருந்த வழக்கம் இது. கடலோரத்தில் சிப்பி சுட்ட சுண்ணாம்பு கிடைத்தது. கருப்பட்டி எங்கிருந்து வந்திருக்கும்? இந்தத் தேரிப் பனங்காட்டைத் தவிர அக்கம்பக்கத்தில் வேறு எங்கே பனை ஏறினார்கள்? இன்றும் மணப்பாட்டுப் பெண்கள் பின்னுகிற அழகான ஓலைப் பெட்டிகளுக்குப் பனையோலைதான் ஆதாரம். கடலும் பனையும் அந்த ஊரில் சேர்ந்தே இருக்கின்றன.

அவ்வளவு பெரிய வீடு கட்ட மீன்பிடிக்கிற ஊரில் பணம் ஏது? பணம் கொழும்பிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மணப்பாட்டுக் குடும்பங்கள் பல இலங்கையில் கடை வைத்து வியாபாரம் செய்தன. ஆண்கள் அங்கே, குடும்பம் இங்கே. அங்கே சம்பாதித்தது இங்கே மாடியாக எழுந்தது. அந்த வீடுகளின் அளவைப் பார்த்தால், ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குக் கூடும் குடும்பத்துக்கென்று கட்டியது தெரியும்: பெரிய பட்டாசல், பலர் படுக்க மாடி, புறவாசலில் அகலமான அடுக்களை. 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்து குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்ததும் இந்திய வியாபாரிகளுக்கு அங்கே காலூன்றி நிற்பது கடினமாயிற்று. கொழும்புப் பணம் நின்றது. பிள்ளைகள் தூத்துக்குடி, சென்னை, பிறகு வெளிநாடு என்று போனார்கள். வீடு பங்காளிகளின் பெயரில் நிற்கிறது. பத்துப் பேருக்குப் பங்கு உள்ள வீட்டை ஒருவர் பழுது பார்க்க முன்வர மாட்டார், ஒருவர் மட்டும் விற்கவும் முடியாது. மழை ஓட்டைத் தள்ளும், தண்ணீர் உத்திரத்தில் இறங்கும், ஒரு நாள் மாடி உட்காரும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. உங்கள் குடும்பத்திலும் என் குடும்பத்திலும் இதே கதைதான்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். மணப்பாட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டி முத்தாரம்மனிடம் போகிறோமே, அதே குலசை. பாண்டியர் காலத்துப் பெயர் தாங்கிய துறைமுகம் அது. பாரி கம்பெனிக்கு அங்கே சர்க்கரை ஆலை இருந்தது. கருப்பட்டியைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த ஆலை. அந்த ஆலைக்குச் சரக்குக் கொண்டுபோகத்தான் சிறிய ரயில் பாதை போட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி வழியாக அந்த ரயில் எந்த ஊர்வரை வந்தது? இந்தத் திசையன்விளைவரை வந்தது! ரயில் இல்லாத ஊர் என்று நாம் இன்று மனு எழுதிக்கொண்டிருக்கிற ஊருக்கு, நம் பாட்டனார் காலத்தில் ரயில் இருந்தது. அது ஆள் ஏற்ற மட்டும் வந்த ரயில் அல்ல, கருப்பட்டிச் சிப்பம் ஏற்ற வந்த ரயில். உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று மகிழ்கிறோம். அந்தக் கருப்பட்டிக்காகத் தண்டவாளமே போட்டார்கள் என்பதை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கவில்லை. 1942-இல் குலசையில் உப்பளத்து அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு குறைத்தார்கள். அந்த வழக்கையாவது நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆலையும் பாதையும் மனத்திலிருந்தே போய்விட்டன.

நம் பக்கத்தில் எழுதுகிறவர்கள் இல்லாமல் போகவில்லை. நமக்குப் பக்கத்து ஊரான இடையன்குடியில் கால்டுவெல் 1841 முதல் இருந்தார், தெரு அளந்து ஊர் அமைத்தார், கோயில் கட்டினார், 1881-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றை எழுதினார். கொற்கைக்கும் காயலுக்கும் போய்த் தோண்டிப் பார்த்தவர் அவர். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ என்று இரண்டு பெரிய நாவல்களில் கடற்கரை வாழ்க்கையையும் தோணி வாணிபத்தையும் எழுதினார். ‘கொற்கை’க்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சினிமாக்காரர்களும் வந்தார்கள். ‘நீர்ப்பறவை’, ‘கடல்’ இரண்டும் மணப்பாட்டில் எடுத்த படங்கள். ஊர் எவ்வளவு அழகு என்று தமிழ்நாடே பார்த்தது. ஆனால் வீடு வீடாக, தெருத் தெருவாக அந்த ஊரை அளந்து குறித்து வைக்கிற வேலை இன்னும் நம் கையில் காத்திருக்கிறது.

அதற்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல் மேலேயே போகலாம். சிறிய ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிய மிச்சம். குன்றும் காற்றும் ஆற்றுவாயும் பார்த்துப் பழைய மாலுமி இந்தக் கரையைத் தேர்ந்தான், இன்றைய விஞ்ஞானி வேறு கணக்குப் போட்டு இதே கரையைத் தேர்ந்திருக்கிறார். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஏவுதளம் வந்தால் சாலை அகலமாகும், நில விலை ஏறும், விடுதிகள் வரும். பங்காளிகள் பத்துப் பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட வைக்கிற விலை வரும். அப்போது பழைய வீட்டின் கதவும் தூணும் தனித்தனியாக விலை போகும். காரைக்குடியில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறோம். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தேக்குத் தூண்களும் நிலைகளும் அங்கே பழம்பொருள் கடைகளில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்று ஓர் ஊர். இரண்டு குன்றுகளுக்கு நடுவே அதன் பழைய ஊர்ப்பகுதி இருக்கிறது. நம் ஊர்களைப் போலவே அங்கேயும் மீனவர்கள் கரையிலிருந்தே படகைத் தள்ளி இறக்குகிறார்கள், கரையிலேயே இழுத்து ஏற்றுகிறார்கள். வலையை மழைக்கு நனையாமல் வைக்க, கடற்கரையில் ஒல்லியாக, உயரமாக, கறுப்புத் தார் பூசிய மரக்கொட்டில்களைக் கட்டினார்கள். இடம் குறைவு, அதனால் உயரம். 1950-களில் ஊர்க்காரர்களே சேர்ந்து பழைய ஊரைக் காக்கச் சங்கம் வைத்தார்கள். மீனவர்களுக்கென்று இருந்த சிற்றாலயத்தில் ஒரு பழைய படகையே வைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். இன்று அந்தக் கொட்டில்களைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள், அருகிலேயே மீனவர்கள் மீன் விற்கிறார்கள். வலை வைக்கிற கொட்டிலுக்கு அந்த மரியாதை கொடுத்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோயிலையும் கோட்டையையும் காப்பாற்ற எல்லா நாட்டிலும் ஆள் உண்டு.

மணப்பாட்டில் கோயில்கள் பத்திரமாக இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கிற கோயில்கள், ஊரே அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்கு நாம் தேவையில்லை. வீடுகளும் முடுக்குகளும்தான் கேட்பாரில்லாமல் நிற்கின்றன. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கென்று 2012-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அரசிடம் போவதானாலும் முதலில் கையில் ஒரு பட்டியல் வேண்டும்: எந்தத் தெருவில் எந்த வீடு, எத்தனை அறை, எந்த ஆண்டில் கட்டியது, சுவர் எதனால் ஆனது, இப்போது என்ன நிலை. அந்தப் பட்டியலை நம் பாலிடெக்னிக், கல்லூரிப் பிள்ளைகள் ஓர் ஆண்டு விடுமுறையில் செய்து முடிக்கலாம். ஊர்க்காரர்களின் அனுமதியோடு, பங்குத்தந்தையிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். குடியிருக்கிற வீட்டுக்குள் கேமராவோடு நுழைவது மரியாதை அல்ல. திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுப் பாட்டிமாரிடம் பேச்சுக் கொடுத்து, கொழும்புக் காலத்துக் கதையைக் கேட்டு எழுதுங்கள். சுவரை நாளைக்கும் அளக்கலாம். பாட்டி சொல்வதை நாளைக்குக் கேட்க முடியாமல் போகலாம்.

இந்த ஊர்க்காரர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் தாத்தா கருப்பட்டி வியாபாரம் செய்தவராக இருக்கலாம், வண்டி ஓட்டியவராக இருக்கலாம், அந்தச் சின்ன ரயிலில் வேலை பார்த்தவராக இருக்கலாம். பரணில் பழைய தகரப்பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். சிப்பக் கணக்கு எழுதிய நோட்டு, குலசைக்கோ மணப்பாட்டுக்கோ வண்டிக்கூலி கொடுத்த சீட்டு, கொழும்பு முத்திரை விழுந்த கடிதம், ரயில் பாதைக்கு நிலம் விட்ட பத்திரம், எதுவானாலும் சரி, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. கொண்டு வந்தால் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். ஒரு சிப்பம் இங்கே என்ன விலைக்குப் போனது, எந்த வியாபாரியின் பேரில் போனது என்று தெரிந்தால், அங்கே ஒரு தெருவில் பூட்டிக் கிடக்கிற வீட்டின் கணக்கும் நமக்குப் பிடிபடலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசல் பக்கம் இருக்கிற மேசைக்கு வாருங்கள். எந்தத் தெருவில் தொடங்குவது, யார் யார் போவது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்துகொள்வோம்.